கட்டைவிரல் தேய்மானம்: ஸ்பிளிண்டா, பயிற்சியா?

கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்துக்கு ஆபரேஷன் வரை போகாமல் இருக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, மூட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட். இன்னொன்று, சுற்றியுள்ள தசைகளையும் மூட்டின் நிலை உணர்வையும் பழக்கும் பயிற்சி. இரண்டையும் பார்த்துவிட்டுப் பயிற்சிப் பக்கம் வந்தவன் நான்.

ஸ்பிளிண்டைக் குறை சொல்லவில்லை. இரவில் மட்டும் போடவைத்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் (2009) முதல் மாதம் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு வருடத்தில் வலி குறைந்திருந்தது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலும் இரண்டையுமே பலமாகப் பரிந்துரைக்கிறது.

எனக்கு முடிவு சொன்னது, கழற்றியபின் என்ன ஆகிறது என்பதுதான். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்குகிறது. சாவி திருப்புவது, மூடி திறப்பது என்று அந்தச் சுமை வருவதெல்லாம் சில நொடி வேலைகளில். கை நனையும் என்று ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்திருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஸ்பிளிண்டின் ரப்பர் துணியான நியோபிரீன் நனைந்தால் சீக்கிரம் காயாது, வெல்க்ரோ பிடியும் நாளடைவில் விட்டுப்போகும்.

சேணம் போன்ற இந்த மூட்டை இழுத்துப் பிடிப்பவை தசைநார்கள். விரல் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அவற்றில்தான், முக்கியமாகப் பின்பக்கத்தில் உள்ளவற்றில், நிறைய இருக்கின்றன. சோதனை எளிது: கண்ணை மூடச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலை ஒரு கோணத்தில் வைத்து எடுப்பார், அதே இடத்துக்கு நாமே கொண்டுவர வேண்டும். சரியாக வைத்துவிட்டேன் என்று கண்ணைத் திறந்தால், விரல் பாதி வழியிலேயே நிற்கிறது!

அதையே பயிற்சியாகவும் செய்யலாம். கூடவே, ஆள்காட்டி விரலை ரப்பர் பேண்டுக்கு எதிராகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது. அடிமூட்டு வெளியே நழுவாமல் பிடிக்கும் தசை அதில்தான் பலப்படும். பந்தை இறுக்கிக் கிள்ளுவதை மட்டும் தவிர்த்துவிட்டேன், அந்த 12 மடங்குக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

பிடிக்கும்போது வரும் வலி எனக்கு நன்றாகவே குறைந்தது. இரவுக் குடைச்சல் அவ்வளவாகக் குறையவில்லை, அதற்கு இன்னும் ஸ்பிளிண்ட்தான். கெட்டி பிளாஸ்டிக்கில் அளவெடுத்துச் செய்வதை நான் போட்டதில்லை. என்னுடையது ஆரம்ப நிலை. அடிமூட்டு ஏற்கெனவே புடைத்து விலகியிருப்பவர்கள் கை மூட்டு சிகிச்சையாளரிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.