கனடா வீட்டைப் பூட்டிவிட்டுத் திருகோணமலைக்கு வந்திருப்பவர்கள் கவனத்துக்கு

கார்த்திகையில் கனடாவிலிருந்து ஊருக்கு வந்து, மாசி கழிந்த பிறகே திரும்பிப் போகிறவர்கள் இப்போது உப்புவெளி, லிங்கநகர், பாலையூற்று எங்கும் நிறையப் பேர். அங்கே வீடு பூட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மாதக் காசு வாங்கும் ஒரு சேவையால் போன மாசியில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். அதே ஆட்களின் விசிட்டிங் கார்ட்டைப் போன கிழமை இங்கே ஒரு கலியாண வீட்டில் மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். அதைக் கண்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

எங்கள் வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில். அம்மாவுக்கு ஏலாமல் வந்ததால் மார்கழியில் மனைவியும் நானும் புறப்பட்டு வந்தோம். சேவைக்காரரோடு பேசிய பேச்சில் ஒரு மயக்கமும் இல்லை. மாதம் 250 டொலர். தினமும் ஒருமுறை உள்ளே போய் வீட்டில் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாக் குழாயையும் திறந்து பார்க்க வேண்டும், படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மகன் ஒட்டாவாவில் படிக்கிறான். இடையில் வந்து நிற்பான் என்பதால் வீதியிலிருந்து தண்ணீர் வீட்டுக்குள் வருகிற மெயின் வால்வைப் பூட்டவில்லை.

தினமும் என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாவிட்டால், பைப் உறைந்து வெடித்த சேதத்துக்குக் காசு இல்லை என்று கனடாவின் பெரும்பாலான வீட்டு இன்சூரன்ஸில் எழுதியிருக்கும். ஒன்றில் தண்ணீரைப் பூட்டிப் பைப்புகளை வடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது தினமும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பந்தியை அவருக்கு வாசித்தே காட்டினேன். "அண்ணை, நீங்கள் அம்மாவப் பாருங்கோ, வீட்ட நான் பாக்கிறன்" என்றார்.

படங்கள் ஒழுங்காக வந்தன. வீட்டின் சூட்டைக் காட்டுகிற தேர்மோஸ்டாட், குசினி சிங்க், நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மன்டின் படி.

மாசியில் அங்கே பெரிய பனி கொட்டியது. அதற்குப் பின்னால் இரவில் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போகிற குளிர். வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம்தான் பேர்னஸ். இப்போதைய பேர்னஸ்களுக்குக் காற்றை இழுக்கவும் புகையை வெளியே விடவும் இரண்டு பிளாஸ்டிக் பைப் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அவற்றின் வாயை மூடினால் பேர்னஸ் தானாகவே நின்றுவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அடுத்த நாள் ஒருவர் போயிருந்தால் வீடு குளிர்ந்து கிடப்பது கதவைத் திறந்ததுமே தெரிந்திருக்கும், அந்தப் பனியை ஒரு சவளால் தள்ளிவிட்டிருக்கலாம். ஒருவரும் போகவில்லை. ஆனால் தேர்மோஸ்டாட் 16 பாகை காட்டுகிற படம் எனக்கு வந்துகொண்டேயிருந்தது.

பிறகு ஒரு நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. "அண்ணை, குசினியில தண்ணி வரேல்ல. பைப் இறுகிப்போச்சுப் போல. பேர்னஸ மறுபடி போட்டிட்டன், ஒரு ஹீட்டரும் வச்சிட்டு வந்திட்டன், விடிய வந்திடும்." உடனே கூப்பிட்டு, முதலில் பேஸ்மன்டில் மெயின் வால்வைப் பூட்டுங்கள், பிறகு குசினிக் குழாயைத் திறந்து விடுங்கள், உருகி முடியும்வரை வீட்டில் ஆள் நிற்க வேண்டும் என்று சொன்னேன். அதையே எழுதியும் அனுப்பினேன். "ஓம் அண்ணை" என்று பதில் வந்தது. அன்றிரவு அவர் திரும்பிப் போகவேயில்லை.

இங்கே இதைச் சொன்னபோது என் மச்சான் கேட்டார்: "ஐஸ் உருகினால் தண்ணி வரும்தானே, அதில என்ன பிரச்சினை?" நியாயமான கேள்வி. கந்தளாயிலிருந்து வருகிற தண்ணீர் மத்தியானத்தில் கூரைத் தாங்கியிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறங்குகிற ஊர் இது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். பிரீசரில் மறந்துவிட்ட சோடாப் போத்தல் வெடிப்பது அதனால்தான். பைப்பில் இன்னொன்றும் சேர்கிறது. ஐஸ் கட்டி அடைப்பாக நின்று வளர வளர, அதற்கும் பூட்டிய குழாய்க்கும் இடையில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அங்கே அழுத்தம் ஏறிப் பைப் பிளக்கும். ஐஸ் இறுகி நிற்கும்வரை அந்தப் பிளவு தெரியாது, ஒரு சொட்டும் ஒழுகாது. உருகத் தொடங்கிய பிறகுதான் மெயினிலிருந்து வருகிற முழுத் தண்ணீரும் சுவருக்குள் பாயும். அதனால்தான் உறைந்த பைப்பைச் சூடாக்குவதற்கு முன்னால் மெயினைப் பூட்ட வேண்டும். வீடு பார்க்கக் காசு வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

விடிய முதலில் கண்டவர் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர். எங்கள் குசினிப் பக்கத்து வெளிச்சுவரில் ஐஸ் திரைபோல இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். குளிர்காலத்தில் இலங்கை நேரம் ரொறன்ரோவுக்குப் பத்தரை மணித்தியாலம் முன்னால். நாங்கள் கோணேசர் கோயிலில் பின்னேரப் பூசை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். மெயினைப் பூட்டியதும் அந்த மனிதர்தான். கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போனார், ஏனென்றால் சாவிக்காரர் போனை எடுக்கவில்லை. பேஸ்மன்டின் சீலிங் விழுந்து கிடந்தது. மகனின் புத்தகங்கள், கலியாண அல்பங்கள், அம்மா தந்துவிட்ட பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருந்த பெட்டி எல்லாம் தண்ணீரில்.

சேவைக்காரர் மத்தியானம் வந்தார். வரும்போதே தன் கூட்டாளி ஒருவரைப் பிளம்பர் என்று கூட்டிவந்தார். அவர் சுவரை மூன்று இடத்தில் வெட்டிவிட்டு, மிச்சம் உறைந்திருந்த பைப்புக்கு கேஸ் டோர்ச்சால் தீ பிடித்தார். காய்ந்த மரச்சட்டங்களுக்கு நடுவில், திறந்த தீ. அந்த வீடியோவை அவர்களே எனக்கு அனுப்பினார்கள், வேலை நடக்கிறது என்று காட்டுவதற்கு. உறைந்த பைப்பை ஹேர் டிரையரால், குழாய் இருக்கிற பக்கத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத்தான் சூடாக்க வேண்டும். தீயை அதற்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. கூலி 2,400 டொலர் காசாகக் கேட்டார்கள், பில் இல்லை. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பிளம்பர் வேலைக்கு 306ஏ சான்றிதழ் கட்டாயம். இலக்கத்தைக் கேட்டேன். "அண்ணை, எங்கட பெடியன்தானே" என்று பதில் வந்தது. அண்ணை அண்ணை என்று கூப்பிட்டே ஒரு மனிதனை இப்படிச் செய்யலாமா என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்சூரன்ஸ் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: தினமும் போய்ப் பார்த்ததற்கு ஆதாரம் எங்கே? எல்லாப் படங்களையும் எடுத்து வைத்தோம். இங்கே மேசையில் அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். குசினி ஜன்னலில் ஒரு மணி பிளான்ட் இருக்கிறது. அதன் அடி இலை பழுத்து, காம்பு கறுத்து, இப்போ விழுமோ பிறகு விழுமோ என்று தொங்குகிறது. "அண்ணா, மார்கழிப் படத்திலயும் இது இப்பிடித்தான் தொங்குது, மாசிப் படத்திலயும் இப்பிடித்தான் தொங்குது." பெரிதாக்கிப் பார்த்தோம். சிங்க்கின் விளிம்பில் விழுந்த வெயில் கோடும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில். அதில் ஒரு படம் ரொறன்ரோ நேரம் இரவு ஒன்பது மணிக்கு வந்தது, அதிலும் வெயில். ஒரே நாளில் கோணத்தை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கொன்றாக அனுப்பியிருக்கிறார். வட்ஸ்அப்பில் வருகிற படத்தில், அது எடுக்கப்பட்ட திகதி சேர்ந்து வராது. அதை அவர் நன்றாகத் தெரிந்து செய்திருக்கிறார். இன்சூரன்ஸ் கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்தது.

அந்தக் கார்ட்டை வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன், யாரிடமும் படத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நேரடி வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள், தேர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் அன்றைய பத்திரிகையையாவது பிடிக்கச் சொல்லுங்கள். வந்த நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைத்த கொப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும். திருத்த வேலைக்கு ஆள் பிடிக்கும் உரிமையைச் சாவி வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டாம். ரொறன்ரோவில் வீட்டுக்குத் தண்ணீரே வரவில்லை என்றால் முதலில் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம், உறைந்தது வீதிப் பக்கத்து பைப்பாகவும் இருக்கலாம்.

ஒருவரும் வந்து தங்கப்போவதில்லை என்றால் தண்ணீரை மெயினில் பூட்டி, மேல்மாடியிலிருந்து பேஸ்மன்ட் வரை எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிடுவதுதான் நிம்மதி. இந்த முறை நாங்கள் அப்படித்தான் வந்தோம், மகன் நண்பன் வீட்டில் தங்குவான். தண்ணீரைப் பூட்டினாலும் சூட்டை நிறுத்தக் கூடாது, 13 பாகைக்குக் கீழே விடவும் வேண்டாம். பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்தால், கடுங்குளிர் இரவில் வெளிச்சுவர்ப் பக்கத்து சிங்க்கின் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழாயை மெல்லிய நூல்போல ஓட விடச் சொல்லுங்கள். முற்றத்துக் குழாய்க்கு வீட்டுக்குள்ளே தனி வால்வ் இருந்தால் அதைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து விட வேண்டும். பனி கொட்டிய விடியலில் பேர்னஸ் பைப்பின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தால் அங்கே காலை ஏழரை, வேலைக்குப் போகமுன் பிடித்துவிடலாம்.