மாத்திரை வெட்டும் டப்பா: தைராய்டு மாத்திரைக்குத் தேறுமா?

டர்பன் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் டப்பாதான். மூடியில் பிளேடு, அடியில் ‘வி’ வடிவப் பள்ளம். 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சினை (தைராய்டு குறைவுக்கான மாத்திரை) 25 ஆக்க இது போதும். கால் பங்காக்க உதவாது, பொடிதான் மிஞ்சும்.

நடுக்கோட்டைப் பிளேடுக்கு நேராக வைத்து, மூடியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கி அழுத்தினால் ஓரம் நொறுங்கும். கோடில்லாத மாத்திரை என்றால் முதலில் மருந்தாளரைக் கேளுங்கள். பிளேடு மழுங்கினால் டப்பாவையே மாற்றிவிடலாம்.

இரு பாதியும் கச்சிதமாகச் சமமாக வராது. ஆனால் உடம்புக்குள் போன லெவோதைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் ஒரே மாத்திரையின் இரு பாதிகளையும் அடுத்தடுத்த நாளில் எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். அதே காரணத்தால் அன்றாட அளவைக் காலை, மாலை என்று பிரிக்கவும் தேவையில்லை. இன்னொரு தைராய்டு மருந்தான லியோதைரோனின் (டி3) கதை வேறு: ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும், அதைத்தான் மருத்துவர்கள் பிரித்துத் தருவார்கள். அங்கே கோணல் வெட்டு உடம்பில் தெரியும்.

டப்பாவின் அடியில் துண்டுகளைச் சேமிக்கும் அறை எனக்குப் பிடிக்கவில்லை. டர்பன் ஈரக்காற்றுக்கு இந்த மருந்து ஆகாது. அன்றன்று வெட்டுங்கள், மறுபாதி மறுநாளைக்கு. வேறு மாத்திரைகளை இதே பிளேடில் வெட்டாதீர்கள்.

வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை டீக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. அளவு மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை.