"அனுமதி வருது, வருது" எண்டு சொல்லியே 975,000 ரூபாவை விழுங்கின கதை

மருந்தடிக்கிற ட்ரோன் தாறன் எண்டு எங்களிட்ட முற்பணம் வாங்கின கடைக்காரன் நேற்றுப் பின்னேரந்தான் கடைசியாக் கதைச்சவன். "அண்ணை, இனி எனக்கு எடுக்காதையுங்கோ" எண்டிட்டு வைச்சிட்டான். இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிய எழும்பி வயல் கொட்டிலுக்குள்ள இருந்து இதை ரைப் பண்ணுறன், எழுத்துப்பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. மருந்தடிக்கிற ட்ரோன் வாங்க நினைக்கிற கமக்காரர் என்னென்ன பாக்கோணும் எண்டதைக் கடைசியில விபரமா எழுதுறன்.

போனது 975,000 ரூபா. நாலு குடும்பத்துக் காசு.

கடையின்ர பேர் போடேல்லை. முறைப்பாடு குடுத்திருக்கிறன், அது முடியுமட்டும் பேரை எழுத வேண்டாம் எண்டு தெரிஞ்ச சட்டத்தரணி சொன்னார். ஏ-9 வீதிக் கரையில கமத்தொழில் சாமான் விக்கிற கடை எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ.

எங்கடை இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயல். நான், அண்ணர், மச்சான், பக்கத்து வயல்காரர், எல்லாருமாச் சேத்து 22 ஏக்கர். மருந்தடிக்க ஆள் கிடைக்காது. பெடியளில அரைவாசி கொழும்பு, மிச்சம் வெளிநாடு. இருக்கிறவனும் 16 லீற்றர் டாங்கியை முதுகில கொழுவிக்கொண்டு சேத்துக்குள்ள இறங்க மாட்டன் எண்டுறான். அவனில பிழை சொல்லேலாது. போன சிறுபோகம் மச்சான் தானே அடிச்சுப்போட்டு வந்து வரம்பில விழுந்து சத்தி எடுத்தவர். அதுக்குப் பிறகுதான் எங்களுக்குள்ள ட்ரோன் கதை வந்தது.

புரட்டாதிக் கடைசியில அந்தக் கடைக்காரன் ஒரு ட்ரோனைக் கொண்டுவந்து எங்கட வயலில பறக்கவிட்டுக் காட்டினவன். பத்து லீற்றர் டாங்கி, தண்ணி மட்டும் விட்டது. ஆறு விசிறியும் சுத்தி எழும்பின உடன வந்த சத்தம் இருக்கே, அதை வன்னியில இருந்த ஆருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மா முத்தத்தில நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ. கடகத்தைப் போட்டிட்டு வீட்டுக்குள்ள ஓடிட்டா. "வண்டு சுத்துது, உள்ள வாங்கோடா" எண்டு கத்தினா. சண்டைக் காலத்தில வேவு விமானத்தை நாங்கள் அப்பிடித்தானே சொல்லுறனாங்கள். பதினைஞ்சு வருசத்துக்கு மேலயாகியும் அந்தச் சத்தம் அவவின்ர காதை விட்டுப் போகேல்லை.

உடன அவன் ட்ரோனை இறக்கிப்போட்டு வீட்டுக்குள்ள போனான். அம்மாவுக்குப் பக்கத்தில குந்தியிருந்து, "அம்மா, இது மருந்து போடுற வண்டு, குண்டு போடாது" எண்டு சொல்லி, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து ட்ரோனைத் தொட்டுப் பாக்க வைச்சான். அம்மா சிரிச்சா. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. நான் விழுந்தது அந்த இடத்திலதான். விலையைப் பாத்தோ, மெசினைப் பாத்தோ இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில அப்பிடிக் குந்தியிருக்கிற பெடியன் ஏமாத்துவான் எண்டு ஆர் நினைப்பினம்?

அண்டைக்கே நான் ஒரு கேள்வி கேட்டிருக்கோணும்: தம்பி, எந்த அனுமதியில இதை இப்ப பறக்கவிட்டனீ? கேக்கேல்லை.

அனுமதி பற்றிக் கேட்டது அண்ணர்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோனுகளை நாடு முழுக்க நிப்பாட்டினதை அவர் மறக்கேல்லை. அவன் பையைத் திறந்து பிளாஸ்ரிக் உறை போட்ட தாள் ஒண்டை எடுத்துக் காட்டினான். ஆங்கிலம். எவ்.சி.சி. எண்டும் சி.ஈ. எண்டும் முத்திரை. "சர்வதேசச் சான்றிதழ் இருக்கு அண்ணை, இஞ்ச ஒரு கையெழுத்து மட்டுந்தான் மிச்சம், ரண்டு கிழமை" எண்டான். முழு விலை 1,950,000. பாதி முற்பணம். ஐப்பசி முதல் கிழமை 975,000 ரூபாவை எண்ணிக் குடுத்தம். அதில மனுசியின்ர தாலிக்கொடி அடகு வைச்ச காசும் இருக்கு. ரசீது தந்தவன். ட்ரோனின்ர சீரியல் நம்பரும் அதில எழுதியிருந்தது. ரசீதின்ர பின்பக்கத்தில பொடி எழுத்தில, ஆங்கிலத்தில, முற்பணம் திருப்பித் தரப்படாது எண்டு இருந்ததைப் பிறகுதான் மகள் வாசிச்சுச் சொன்னவள்.

ரண்டு கிழமை ஒரு மாசமாச்சு. முதல்ல பாதுகாப்பு அமைச்சின்ர கடிதம் நிக்குது எண்டான். பிறகு ரிமோட்டின்ர ரேடியோ அலைக்குச் சோதினை நடக்குது எண்டான். பிறகு கீழ நிலத்தைப் பாக்கிற ராடருக்குத் தனிச் சோதினையாம். பிறகு நத்தார் லீவு. பிறகு "பொங்கல் முடியட்டும் அண்ணை". கடைக்குப் போனால் வேலைக்கு நிக்கிற பிள்ளை "சேர் கொழும்புக்குப் போட்டார்" எண்டும். சேரின்ர மோட்டச் சைக்கிள் கடைக்குப் பின்னால நிக்குது! வட்ஸ்அப்பில போட்டால் நீலச் சரி விழும், பதில் வராது.

இவ்வளவு நாளும் ஏன் பொறுத்தனீ எண்டு கேப்பியள். ரொறன்ரோவில அக்காட மகன் சின்ன விமானங்களுக்கு ஏவியோனிக்ஸ், அதாவது விமானத்து மின்னணுக் கருவியள், பூட்டுற இடத்தில வேலை செய்யிறான். அவனிட்டக் கேட்டன். "மாமா, இந்த அலுவலில தாமதம் உலகம் முழுக்க இருக்கு" எண்டான். செஸ்னா 172 மாதிரிப் பழைய சின்ன விமானத்துக்குப் புது ஜி.பி.எஸ். பெட்டி பூட்டிறதுக்கும், பெட்டி தரமானது எண்டதுக்கு ரி.எஸ்.ஓ. எண்டு ஒரு அங்கீகாரம், அதை அந்த ரக விமானத்தில பூட்டலாம் எண்டதுக்கு எஸ்.ரி.சி. எண்டு வேற ஒண்டு. அமெரிக்காவில விமானம் எங்க பறக்குது எண்டதைத் தானாவே அறிவிக்கிற ஏ.டி.எஸ்-பி எண்ட கருவி 2020 ஜனவரி 1இல இருந்து பெரிய விமான நிலையங்களைச் சுத்திப் பறக்கிற சின்ன விமானங்களுக்கும் கட்டாயமாம். விதி வந்தது 2010இல. அப்பிடியிருந்தும் கடைசி நேரத்தில வந்து வரிசையில நிண்டவையாம். இதைக் கேட்டிட்டு, சரி, அங்கயே இப்பிடியெண்டா இஞ்ச சொல்லவே வேணும் எண்டு மனதைத் தேத்தினன். மருமகன் சொன்ன உண்மை கடைக்காரன்ர பொய்க்கு முண்டு குடுத்திட்டுது.

மார்கழியில அறக்கொட்டியான், நெல்லில சாறு உறிஞ்சிற பூச்சி, இறங்கிச்சுது. ட்ரோன் வருது எண்டு நான்தான் மருந்தடிக்கிற ரண்டு பேரையும் முதலே வேண்டாமெண்டு விட்டனான். அவை வேற ஆக்களுக்கு ஒப்புக்கொண்டிட்டினம். திரும்பி வாறதுக்கிடையில அண்ணரின்ர வயல் துண்டில பயிர் வட்டம் வட்டமா எரிஞ்ச மாதிரிக் காஞ்சு போச்சு. (பூச்சி இருக்கிறது பயிரின்ர அடியில. ட்ரோன் மேல இருந்து அடிக்கிற மருந்து அங்க போய்ச் சேருமோ எண்டது வேற கேள்வி. அதையும் அவனிட்ட நான் கேக்கேல்லை.) அண்ணர் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கூடச் சுடுது.

தை முடியிற நேரம் அந்தத் தாளைப் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினன். அஞ்சு நிமிசத்தில ரெலிபோன் எடுத்தான். "மாமா, எவ்.சி.சி. எண்டது அமெரிக்காவில ரேடியோ அலை மற்றச் சாமானைக் குழப்பாது எண்டதுக்கு. சி.ஈ. ஐரோப்பாவில விக்கிறதுக்கு. இதில பறக்கிறதுக்கு ஒரு அனுமதியும் இல்லை, இலங்கைக்கு ஒண்டுமே இல்லை." பெட்டிக்கு ஒரு அனுமதி, பூட்ட ஒரு அனுமதி எண்டு அவன் முதலே சொல்லேக்கை எனக்கு ஓடியிருக்கோணும்.

அடுத்த நாள் கட்டுநாயக்காவில இருக்கிற சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு எடுத்தன். அரைகுறைச் சிங்களத்தில கேட்டும் பொறுமையாப் பாத்துச் சொன்னவை: அந்தச் சீரியல் நம்பரில விண்ணப்பம் ஒண்டும் வரேல்லை. நாலு மாசம் தாமதம் தாமதம் எண்டவன் விண்ணப்பமே போடேல்லை! வராத பஸ்சுக்கு மழையில நிண்டிருக்கிறம்.

நேர கடைக்குப் போனன். இந்த முறை ஆள் அம்பிட்டிட்டான். அவன் சொன்னதைக் கேளுங்கோ. "அண்ணை, மிச்சக் காசைத் தந்திட்டு மெசினைக் கொண்டுபோய் அடியுங்கோ. உங்கட வயலுக்கை ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?" வன்னியில! ஆமிக் காம்புக்கு அரைக் கட்டையில வயல் வைச்சிருக்கிறவனிட்ட! பிடிபட்டால் விசாரணைக்குப் போறது நான், அவனில்லை. காசைத் தா எண்டன். ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். அம்மாவுக்குப் பக்கத்தில குந்தியிருந்தவனும் இவனும் ஒரே ஆள்தானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது.

பொலிசுக்குப் போனால் இது குடுக்கல் வாங்கல் பிரச்சினையாம், மத்தியஸ்த சபைக்குப் போகட்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 நம்பர், எடுத்துப் பதிஞ்சிருக்கிறன். பாப்பம்.

விபரமா எழுதுறன் எண்டனான், வெட்டு மெசின் வந்து நிக்குது, இண்டைக்கு விட்டால் அடுத்த கிழமைதான். சுருக்கமா: வெளிநாட்டுச் சான்றிதழைக் காட்டினால், இது எதுக்கு எண்டு கேளுங்கோ, ரேடியோவுக்கோ, பறக்கவோ. இறக்குமதி செய்ய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினதும் பாதுகாப்பு அமைச்சினதும் கடிதம் வேணும், அதின்ர பிரதி கேளுங்கோ. விண்ணப்ப இலக்கத்தை வாங்கி நீங்களே எடுத்து விசாரியுங்கோ, என்னைப் போல நாலு மாசம் கழிச்சில்லை. அனுமதி கைக்கு வரமுதல் ஒரு சதமும் குடுக்காதையுங்கோ. ரசீதின்ர பின்பக்கம். மருந்தடிக்கிற ஆக்களை முதலே நிப்பாட்டாதையுங்கோ.

ஏ-9 கடையொண்டில இதே மாதிரி முற்பணம் குடுத்த ஆக்கள் இருந்தால் உள்பெட்டியில வாங்கோ. முக்கியமா ரசீதில இருக்கிற சீரியல் நம்பரைப் படமெடுத்து அனுப்புங்கோ. கடைசி நாலு இலக்கம் 4471 எண்டால், அது எங்களுக்கு வித்த அதே ட்ரோன்தான்.