ஜெல்லி பாக்கெட், கிரேவி பாக்கெட்: சர்க்கரை உள்ள பூனைக்கு வாங்கிக் கொடுத்துப் பார்த்தது

எங்கள் பூனை பெயர் பூசணி. பத்து வயது, கருத்தடை செய்த ஆண், போன வருஷம் வரை ஏழு கிலோ, பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாளித் தண்ணீரை எல்லாம் குடிக்க ஆரம்பித்து, அவன் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்ததும் அம்மாதான் முதலில் சொன்னாள், "இவனுக்கு உங்க நைனா மாதிரி சுகர்டா" என்று. நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. காலை ஏழு, மாலை ஏழு, இரண்டு வேளையும் இரண்டு யூனிட் இன்சுலின், அதோடு உலர் தீனியைக் குறைத்துவிட்டு பாக்கெட்டில் வரும் ஈரத் தீனிக்கு மெதுவாக மாறுங்கள் என்றார். இந்த விமர்சனம் அந்தப் பாக்கெட்டுகளைப் பற்றியது.

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இதையெல்லாம் தேடுவது லேசில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் மனுஷனுக்கு இன்சுலின் உடனே கிடைக்கும், பூனைத் தீனிக்கு மட்டும் நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது. நான் வழக்கமாக வாங்கும் கடையில் (பெயர் வேண்டாம்) ஒரே கம்பெனியின் ஜெல்லி பாக்கெட்டும் கிரேவி பாக்கெட்டும் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுதான் சார், டேஸ்ட்தான் வேற" என்றார் கடைக்காரர். இல்லை, இரண்டும் ஒன்றே இல்லை.

பாக்கெட்டின் பின்னால் மாவுச்சத்து எவ்வளவு என்று போட மாட்டார்கள், நாம்தான் கணக்குப் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (தாது உப்புகள்) எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் இருப்பது மாவுச்சத்து. சாம்பல் அளவு போடாத பாக்கெட்டில் ஈரத் தீனிக்கு 2, உலர் தீனிக்கு 8 என்று நானே வைத்துக்கொண்டேன். ஜெல்லியில் மிச்சம் 1 வந்தது, கலோரிக் கணக்கில் சுமார் 5 சதவீதம். கிரேவியில் மிச்சம் மூன்றரைதான் என்றாலும், பாக்கெட்டில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கலோரியில் 20 சதவீதம் ஆகிவிடுகிறது, குழம்பு கெட்டியாக மாவு சேர்ப்பார்கள் இல்லையா, அதுதான். இத்தனை நாள் அவன் தின்ற உலர் தீனியைக் கணக்குப் போட்டால் 40 சதவீதம். கூடவே அம்மா ஊட்டிய தயிர்சாதம் வேறு.

அதனால் ஜெல்லிக்கு மாறினோம். டாக்டர் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். பூசணிக்கு ஜெல்லி பிடித்துப்போனதால் நாலே நாளில் முழுசாக மாற்றிவிட்டேன், அவரிடம் சொல்லவும் இல்லை, ஊசியும் அதே இரண்டு யூனிட். தப்பு முழுக்க என்னுடையது.

ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு மணி, ஊசி போட்டு நாலு மணி நேரம் இருக்கும். "இன்னாடா இது, குடிச்சவன் மாதிரி நடக்கறான்" என்று அம்மா எழுப்பினாள். பின்னங்கால் பின்ன, கண்மணி அகலமாக விரிந்து, கட்டில் காலில் முட்டிக்கொண்டு நின்றான். காது ஓரத்தில் குத்தி நைனாவின் சுகர் மெஷினில் பார்த்தால் 43, சுகர் ரொம்ப இறங்கிவிட்டது. மனுஷனுக்கான மெஷின் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஆனால் பூனை தள்ளாடும்போது அந்த ஆராய்ச்சி எல்லாம் செய்துகொண்டிருக்க முடியாது. ஈறில் தேன் தடவினோம். வாயில் ஊற்றக் கூடாது, வலிப்பு வந்தால் நுரையீரலுக்குப் போய்விடும், விரலையும் பல்லுக்கு நடுவில் விடக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் தலை தூக்கினான். அப்போதுதான் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த கிரேவி பாக்கெட் ஞாபகம் வந்தது. தட்டில் கொட்டியதும் நக்கித் தீர்த்தான். கால் மணி நேரத்தில் 58, ஒரு மணி நேரத்தில் 110. ஆனால் தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், திரும்ப இறங்கலாம் என்று டாக்டர் போனில் சொன்னதால் விடியும் வரை உட்கார்ந்து குத்திக்கொண்டே இருந்தேன்.

காலை ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். "சாப்பாட்டை மாத்தினா எங்கிட்ட சொல்லணுமா வேணாமா சார்?" என்றார். மாவுச்சத்தைக் கையாளப் பூனை ஈரலுக்கு அவ்வளவு தெம்பு இல்லையாம், அந்த மாவை நிறுத்தியதுமே சாப்பிட்டபின் ஏறும் சுகர் ஏறாது, பழைய டோஸ் அதிகமாகிவிடும். இப்போது வேளைக்கு அரை யூனிட்டில் இருக்கிறான். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாமல் போகும் என்கிறார், பார்ப்போம்.

சரி, பாக்கெட்டுக்கு வருகிறேன். ஜெல்லி தினசரிக்கு நல்லது, ஆனால் விலை கட்டுப்படியாகாது. 85 கிராம் பாக்கெட் ஐம்பது ரூபாய்க்குப் பக்கம், அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு வேண்டும். பிராய்லர் கோழியை வேக வைத்துப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டேன், கொஞ்சம் சேர்க்கலாம், அதையே சாப்பாடாக்கினால் கால்சியமும் டாரினும் (பூனைக்குக் கட்டாயம் வேண்டிய ஒரு சத்து) போதாது என்றார். நம்மூர்க் கத்திரி வெயிலில் பிரித்த பாக்கெட்டை வெளியே அரை மணி நேரம் வைத்தால் நாற்றம், எறும்பு இரண்டும் வரும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த வேளை கிண்ணத்தோடு சுடுதண்ணீரில் நிறுத்திக் கொடுக்கிறேன், குளிர்ந்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான். சாப்பிடாத வேளையில் ஊசி போடாமல் டாக்டருக்குப் போன் போடுகிறேன்.

கிரேவி பாக்கெட்டைத் தினமும் கொடுக்க வேண்டாம், ஆனால் சர்க்கரைப் பூனை இருக்கும் வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. அதற்கு ஐந்துக்கு ஐந்து, ஜெல்லிக்கு நாலு. கடைக்கு இரண்டு போதும், ஞாயிற்றுக்கிழமை போனால் ஸ்டாக் இருக்காது, தேதி முடிய ஒரு மாதமே இருக்கும் பாக்கெட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், தேதி பார்த்து வாங்குங்கள். ஊசி வாங்கும்போதும் மூடி நிறம் பாருங்கள், மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

தேனும் நாலு கிரேவி பாக்கெட்டும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். போன வாரம் காரணமே இல்லாமல் சுகர் 240 காட்டியது, மெஷினில் கோளாறோ என்று ரத்தம் வைக்கும் பட்டையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். டப்பாவைத் திறந்தால் மூன்று பாக்கெட்தான் இருந்தது. "கத்திக்கிட்டே இருந்தான்டா, பாவமா இருந்துச்சு" என்றாள் அம்மா.