மூன்று வருட வேலை அனுமதி என்று சொன்னார்கள்: யாழ்ப்பாணத்துக் கல்வி ஆலோசனை நிலையம் ஒன்றின் சேவை பற்றி

என் தங்கையின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றவள். 2026 செப்ரெம்பரில் கனடாவில் மேற்படிப்பைத் தொடங்கும் எண்ணத்துடன், 2025ஆம் ஆண்டின் இறுதியில் யாழ் நகரிலுள்ள வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு அவளும் தங்கையும் நானும் மூன்று தடவைகள் போய்வந்தோம். நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே கண்ட குறையையே வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோதும் கண்டோம். ஆகவே ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். விண்ணப்பக் கோவை தயாரிப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். வங்கி மீதிக் கடிதம், காணி மதிப்பீட்டு அறிக்கை, பணம் வந்த வழிக்கான சான்று, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு, எது எங்களிடம் இல்லை என்பதை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். ஆறு மாதங்களுக்குள் தங்கையின் கணக்கில் விழுந்த ஒரு பெருந்தொகைக்கு விளக்கம் கேட்டு, ஸ்காபரோவில் இருக்கும் பெரியண்ணா அனுப்பிய பணம் அது என்பதற்குச் சத்தியக்கடதாசி எடுக்கச் சொன்னதும் அவர்கள்தான். கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டுத் தந்தார்கள்.

குறை, படிப்பு முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றிய ஆலோசனையில் இருந்தது. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர், மிகவும் மரியாதையான இளம்பெண், ஒன்ராறியோவிலுள்ள கல்லூரியொன்றில் ஓராண்டுச் சான்றிதழ்க் கற்கைகள் இரண்டை அடுத்தடுத்துப் படிக்கும் திட்டமொன்றைப் பரிந்துரைத்தார். இரண்டுமே வணிக முகாமைத்துவம் சார்ந்தவை. "அங்கிள், ரெண்டு வருசம் படிச்சா மூண்டு வருச வேர்க் பெர்மிட் வரும், யோசிக்கத் தேவையில்லை" என்று சொல்லி, அச்சிட்ட தாளில் 3 என்ற இலக்கத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வட்டத்தை நம்பித்தான் தங்கை கோண்டாவில் காணியின் உறுதியை வங்கியில் வைக்க ஆயத்தமானாள்.

அந்த வாக்கியம் சில வருடங்களுக்கு முன்னர் சரியாக இருந்திருக்கும். 2024 நவம்பர் 1ஆம் திகதி முதல் கனடாவின் விதி மாறிவிட்டது. அந்தத் திகதியிலோ அதற்குப் பின்னரோ மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் இளமாணி, முதுமாணி, கலாநிதிப் பட்டம் அல்லாத கற்கையொன்றைப் படித்தால், அது அரசாங்கம் வெளியிட்டிருக்கும் துறைப் பட்டியலில் இருந்தால் மட்டுமே படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி கிடைக்கும். சுகாதாரம், விவசாயம், விஞ்ஞான தொழில்நுட்பம், கைத்தொழில்கள், போக்குவரத்து போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. பொதுவான வணிக முகாமைத்துவம் இல்லை. அப்படியானால் எங்கள் பிள்ளை இரண்டு வருடங்கள் கட்டணம் கட்டிப் படித்து, மூன்று வருட அனுமதியை அல்ல, ஒருநாள் அனுமதியைக்கூடப் பெறாமல் திரும்பியிருப்பாள்.

பெயரும் ஏமாற்றுகிறது. இந்தக் கற்கைகளைக் கல்லூரிகள் 'போஸ்ற் கிரஜுவேற் சேர்ட்டிபிகேற்' என்று அழைக்கின்றன. பட்டம் பெற்ற பிறகு படிப்பது என்பதால் எங்கள் வீடுகளில் அதை முதுமாணிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். என் தங்கையும் அயலவர்களிடம் "மாஸ்ரேர்ஸ்" என்றே சொல்லி வைத்திருந்தாள். குடிவரவு விதியின் கண்ணில் அது சான்றிதழ் மட்டுமே. முதுமாணிப் பட்டத்துக்கோ துறைப் பட்டியல் கட்டுப்பாடு இல்லை. 2024 பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து, இரண்டு வருடங்களுக்குக் குறைந்த முதுமாணிக் கற்கையாக இருந்தாலும், அது எட்டு மாதங்களேனும் நீண்டு மற்றத் தகுதிகளும் பொருந்தினால் மூன்று வருட வேலை அனுமதி வழங்கப்படுகிறது. வணிகமாணிப் பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தங்கையின் மகளான என் மருமகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருக்கிறது. மாணவரின் வாழ்க்கைத்துணைக்கு வேலை அனுமதி வழங்கும் விதியும் 2025 ஜனவரி 21 முதல் இறுக்கப்பட்டு, 16 மாதங்கள் அல்லது அதற்கு மேற்பட்ட முதுமாணி, கலாநிதிக் கற்கைகள் மற்றும் சில தொழில்சார் பட்டங்களைப் படிப்பவர்களின் துணைக்கு மட்டும் உரியதாகிவிட்டது. சான்றிதழ்க் கற்கைக்குப் போயிருந்தால் மாப்பிள்ளை அங்கே வேலை செய்யும் கணக்கும் பிழைத்திருக்கும். கலியாணம் பேசியிருக்கிறதா என்று அந்த ஆலோசகர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பெரியண்ணாவின் மகன்தான் தொலைபேசியில் முதலில் சந்தேகத்தைக் கிளப்பினான். கனடிய குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தை மருமகளும் நானும் இரண்டு இரவுகள் இருந்து வாசித்து, தேவையான பகுதிகளை அச்செடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனோம். ஆலோசகர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு முகாமையாளர் வந்தார். நாங்கள் கொண்டுபோன தாள்களைப் பொறுமையாக வாசித்தார். "பிழை எங்கட பக்கம்தான், ஐயா" என்று நேரடியாகச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிழையை நாங்கள் கண்டுபிடிக்க நேர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கணினி முன் இருந்து வாசிக்க ஆளில்லாத வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்தச் சிவப்பு வட்டத்தை நம்பிப் போயிருப்பார்கள்? பல முகவர் நிலையங்களுக்குக் கல்லூரிகளே மாணவர் தொகைக்கேற்பத் தரகு வழங்குகின்றன என்பதையும், கட்டணம் வாங்கிக்கொண்டு கனடிய குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு அந்நாட்டின் உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ சட்டத்தரணிக்கோ மட்டுமே உரிமை உண்டு என்பதையும் நான் அதன் பிறகே அறிந்தேன். இந்த நிலையத்தில் உரிமம் உள்ளவர் யார் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

அதே கூடத்தில் பிரித்தானியப் பிரிவைப் பார்க்கும் இளைஞர் மிகத் தெளிவாக இருந்தார். எங்களுக்கு அருகில் இருந்த குடும்பத்துக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். 2021 ஜூலையில் தொடங்கிய, படிப்பு முடிந்த பின் அங்கே தங்கி வேலை செய்ய இடந்தரும் பட்டதாரி விசா இப்போது இரண்டு வருடங்களுக்குக் கொடுக்கப்பட்டாலும், 2027 ஜனவரி 1ஆம் திகதி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது, கலாநிதிப் பட்டத்துக்கு மட்டும் மூன்று வருடங்கள் தொடர்கிறது, ஆகவே 2026 செப்ரெம்பரில் ஓராண்டு முதுமாணிக்குப் போகிற பிள்ளைக்கு 18 மாதங்களே கிடைக்கும் என்று திகதிகளைத் தாளில் எழுதிக் காட்டினார். அந்த விசாவுக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கனடாப் பிரிவிலும் இப்படி ஒருவர் இருந்திருந்தால் இந்த மதிப்பீட்டில் குறை சொல்ல எதுவும் இருந்திராது.

முதுமாணிக்கே விண்ணப்பிப்பதென்று முடிவுசெய்து மூன்றாவது தடவை போனபோது எங்கள் கோவையை முகாமையாளரே எடுத்துக்கொண்டார். அன்று கிடைத்த சேவை நன்றாக இருந்தது. மருமகளிடம் இருந்தது பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதிய அக்கடமிக் வகை ஐஈஎல்ரீஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. வேலை அனுமதிக்கு அது செல்லாது என்றும், ஐஈஎல்ரீஎஸ்ஸின் ஜெனரல் ட்ரெய்னிங் வகை அல்லது செல்பிப் போன்ற ஆங்கிலப் பரீட்சையொன்றில், கனடிய மொழி அளவுகோலின்படி பட்டதாரிகளுக்குரிய ஏழாம் தரத்தைக் காட்ட வேண்டும் என்றும், பெறுபேறு இரண்டு வருடங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால் இப்போதே எழுதிப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னார். முழுநேர மாணவியாக ஒவ்வொரு தவணையையும் முடிக்க வேண்டும். கடைசித் தவணையில் மட்டும் பகுதிநேரத்துக்கு இடமுண்டு. கற்கை முடிந்ததாகப் பல்கலைக்கழகம் எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மாணவர் அனுமதி கற்கை முடிந்து 90 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால் 180 நாட்களையும் நம்பி இருக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

கோவையை மூடுவதற்கு முன் கடவுச்சீட்டை எடுத்து, முடிவுத் திகதியில் விரலை வைத்து எங்களைப் பார்த்தார். 2029. வேலை அனுமதி கடவுச்சீட்டின் திகதியைத் தாண்டி வழங்கப்படுவதில்லை. 2028இல் படிப்பை முடித்தால் மூன்று வருடங்களுக்குப் பதிலாக ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலமே முதலில் கிடைக்கும். மிகுதிக் காலத்தைப் புதிய கடவுச்சீட்டுடன் பிறகு கேட்க வழி இருக்கிறது என்றாலும், போவதற்கு முன்னரே புதுப்பித்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் மூவரும் எத்தனையோ தடவை பிரதியெடுத்திருக்கிறோம். ஒருவரும் அந்தத் திகதியைக் கவனித்திருக்கவில்லை.

கட்டண விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுமாணிக்கு மாற்றியதற்கு மேலதிகச் சேவைக் கட்டணம் வாங்கவில்லை. முதலில் பரிந்துரைத்த கல்லூரிக்குக் கட்டிய விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். பிழை அவர்களுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு அதையும் அவர்களே ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. படிப்புக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாக 22,895 கனடிய டொலர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல.

கோவை தயாரிக்க இங்கே தாராளமாகப் போகலாம். எந்தக் கற்கை என்பதை இங்கே மட்டும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். ஐந்து நட்சத்திரங்களில் மூன்று தருகிறேன். மூன்றாவது நட்சத்திரம் முகாமையாளருக்கானது. மருமகளின் முதுமாணி விண்ணப்பத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் மாணவர் அனுமதிக்கும் இவர்கள் ஊடாகவே விண்ணப்பிப்போம், காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகுதான் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.