தூரத்து கிளப்பில் மலிவு மெம்பர்ஷிப்பா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

"வேறு பகுதியில் மலிவாக கோல்ஃப் மெம்பர்ஷிப் வாங்கித் தருகிறேன், ஆடுவது உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஆடலாம்" என்று யாராவது உங்களிடம் வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு இதைப் படித்துவிடுங்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. வீட்டுக்கு அருகில் இருக்கும் கிளப்பில் சேர்க்கைக் கட்டணத்தைக் கேட்டதுமே தலை சுற்றியது. போதாததற்கு வெயிட்டிங் லிஸ்ட் வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு மெம்பர்ஷிப் தரகர் அறிமுகமானார். அதிகம் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். இடப்பக்கம் பகுதியின் பெயர் (பல நாடுகள் இருந்தன), வலப்பக்கம் சேர்க்கைக் கட்டணம், அவ்வளவுதான். மேலிருந்து கீழே வர வர எண் சுருங்கிக்கொண்டே போனது. கடைசி வரியில் இருந்த கிளப்பின் கட்டணம், பக்கத்து கிளப்பில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"எங்க போனாலும் பதினெட்டு குழிதாங்க. இடம்தான் வேற" என்றார். "இந்த கிளப்போட மெம்பர் கார்டு இருந்தா, பரஸ்பர ஒப்பந்தத்துல உங்க பக்கத்து கிளப்புலயும் ஆடலாம்."

ஒப்பந்தம் இருந்தது உண்மை. கூட்டாளி கிளப்புகளின் பட்டியலில் என் பக்கத்து கிளப்பின் பெயரை நானே பார்த்தேன். அதற்குமேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல்முறை ஆடப்போன காலையை மறக்க முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரவேற்பு மேஜையில் கார்டை நீட்டினேன். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அப்புறம் "வீடு எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். டிராயரைத் திறந்து லாமினேட் செய்த ஒரு தாளை எடுத்து, நகத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். கிளப்பிலிருந்து இத்தனை தூரத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு ஒப்பந்தச் சலுகை கிடையாது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத்தான் அது. யோசித்தால் நியாயம்தான். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் மலிவான கிளப்பில் சேர்ந்துவிட்டு இங்கே வந்து ஆடுவார்களே. நான் செய்ய நினைத்ததும் அதுதான். இந்த மாதிரி தூரக் கட்டுப்பாடு பரஸ்பர ஒப்பந்தங்களில் சர்வ சாதாரணம் என்பது தொழிலில் இருக்கும் தரகருக்குத் தெரியாமல் இருக்காது. என் முகவரியை விண்ணப்பத்தில் எழுதியதே அவர்தான்.

பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய தாளை மறுபடியும் எடுத்தேன். இந்தமுறை வரி வரியாக, ஒவ்வொரு பகுதியாகத் தேடிப் படித்தேன். அப்போதுதான் புரிந்தது, வலப்பக்கம் இருந்த எண்கள் ஒரே பொருளின் விலையே இல்லை.

தாளின் உச்சியில் ஜப்பான் இருந்தது. அங்கே மெம்பர்ஷிப் என்பது பங்குப் பத்திரம் மாதிரி கைமாறும் சரக்கு. 1980களின் இறுதியில் நிலவிலை எகிறியபோது, டோக்கியோ பக்கத்து கொகனேய் கிளப்பின் மெம்பர்ஷிப் 30 கோடி யென்னுக்கும் மேல் போனது. பல கிளப்புகள் வாங்கியது கட்டணம்கூட இல்லை, டெபாசிட். பொதுவாகப் பத்து வருடம் கழித்துத் திருப்பிக் கேட்கலாம் என்பது பேச்சு. பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகு எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள், கொடுக்கப் பணமில்லாமல் கிளப்புகள் வரிசையாகத் திவாலாயின. இபாராகி மாகாணத்தில் ஒரு கிளப், மூவாயிரத்துக்கும் குறைவான மெம்பர்கள்தான் என்று சொல்லிவிட்டு ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றிருந்தது 1991இல் அம்பலமானது. ஒரு மைதானம், ஐம்பதாயிரம் பேர்! என் தரகரெல்லாம் ஒன்றுமே இல்லை.

சிங்கப்பூர் அடுத்தது. அங்கே கிளப் இருக்கும் நிலம் அரசின் குத்தகை நிலம். குத்தகை முடியும் காலம் நெருங்க நெருங்க, மெம்பர்ஷிப்பின் மறுவிற்பனை விலை இறங்கும். ஜூரோங் கண்ட்ரி கிளப்பின் நிலத்தை கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக எடுக்கப்போவதாக 2015இல் அறிவித்தார்கள், அடுத்த வருடம் கிளப்பை மூடினார்கள். கடைசியில் அந்த ரயில் திட்டமே 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஹாங்காங்கில் ஃபான்லிங் மைதானத்தின் 172 ஹெக்டேரில் 32 ஹெக்டேரை 2023 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. நிலம் யாருடையது, இன்னும் எத்தனை வருடத்துக்கு என்பதுதான் இந்த ஊர்களில் விலையின் பாதிக் கதை. பதினெட்டு குழி மைதானத்துக்கு ஐம்பது ஹெக்டேருக்கு மேலேயே தேவைப்படும். நெருக்கடியான நகரத்தில் அவ்வளவு நிலத்தைச் சும்மா புல்லுக்கு விட்டுவைப்பார்களா?

தாளின் கீழ்ப்பாதியில் ஸ்காட்லாந்து. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், புகழ்பெற்ற பழைய மைதானமான ஓல்ட் கோர்ஸ் உட்பட ஏழு மைதானங்கள் பொதுச் சொத்து, ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊர்க்காரர்கள் வருட டிக்கெட் ஒன்றை எடுத்து ஆடலாம். அதன் விலையைக் கேட்டால், பெரிய நகரத்து கிளப் மெம்பர்களுக்கு வயிறு எரியும். ஆனால் அந்த விலை அங்கே குடியிருப்பவருக்கு. வெளியாள் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கொடுக்கும் க்ரீன் ஃபீ வேறு கணக்கு. தரகரின் தாளில் இந்த டிக்கெட் விலையும் 'சேர்க்கைக் கட்டணம்' என்றே பதிவாகியிருந்தது. அது மெம்பர்ஷிப்பே இல்லை.

ஜெர்மனியில் தொலைதூர மெம்பர்ஷிப் என்றே ஒரு வகை உண்டு, ஒளிவுமறைவே கிடையாது. எங்கோ ஒரு சின்ன கிளப்பில் பெயரைப் பதிந்துகொண்டு ஹேண்டிகேப் அட்டை (ஆட்டத் திறனுக்கான எண் பதிந்த அட்டை) வாங்கிக்கொள்வார்கள், அங்கே போய் ஆடுவதே இல்லை. மற்ற கிளப்புகளும் சளைத்தவை அல்ல. இந்த அட்டையோடு வருபவரிடம் கூடுதல் க்ரீன் ஃபீ வாங்கும் இடங்கள் இருக்கின்றன. நான் வாங்கியதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான், வேறு பெயரில், பல மடங்கு விலைக்கு.

நான் சேர்ந்த கிளப் அமெரிக்கப் பாணியில் நடப்பது. அந்தப் பாணியில் சேர்க்கைக் கட்டணம் வெறும் வாசற்படி. உள்ளே மாதச் சந்தா, மைதானத்தில் ஓட்டும் வண்டிக்கு வாடகை, லாக்கர், பை வைக்கும் கட்டணம், விருந்தாளிக் கட்டணம் எல்லாம் தனித்தனி. வாசற்படியைத் தாழ்த்தி வைக்கும் கிளப் பல நேரம் சந்தாவில் பிடித்துக்கொள்கிறது. முதல் வருடத்திலேயே சொட்டுநீர் போல ஒன்றன்பின் ஒன்றாக பில் வந்தது. எட்டாவது மாதம் வந்ததுதான் பெரியது. மைதானத்தின் நீர்ப்பாசனக் குழாய்களை மாற்றப் போகிறார்களாம், மெம்பர்கள் எல்லோரும் பங்கு போட வேண்டுமாம். நான் ஒருமுறைகூட மிதிக்காத புல்லுக்குத் தண்ணீர்!

இதைவிட வேடிக்கை சாப்பாட்டு பில். மெம்பர் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை கிளப் உணவகத்தில் செலவழித்தே ஆகவேண்டும், செலவழிக்காவிட்டால் மிச்சத்தை பில்லில் ஏற்றிவிடுவார்கள். விமானம் ஏறிப் போனால்தான் அந்த உணவகத்தின் கதவையே பார்க்க முடியும். முதல் பில்லில் 'உணவு, பானம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, வேறு யாரோ என் பெயரில் சாப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து போன் செய்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். யாருமே சாப்பிடவில்லை, அதனால்தான் பில்.

சரி, போதும், விலகிவிடுகிறேன் என்று எழுதினேன். புதிதாக மூன்று பேர் சேர்ந்தால்தான் பழையவர் ஒருவர் வெளியே போக முடியும் என்று பதில் வந்தது. அதுவரை சந்தா ஓடும். மலிவான பகுதி ஏன் மலிவாக இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்: சேர ஆள் இல்லை. பக்கத்து கிளப்பில் உள்ளே போக வரிசை, இங்கே வெளியே வர வரிசை.

தரகரைக் கேட்டேன். "கட்டணம் எவ்வளவுன்னு கேட்டீங்க, சொன்னேன். வெளிய வர்றதப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே" என்றார். அதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல்.

உங்களிடம் இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், கிளப்பின் விதிப் புத்தகத்தைக் கிளப்பிடமிருந்தே நேராகக் கேட்டு வாங்குங்கள், தரகர் அனுப்பும் சுருக்கம் வேண்டாம். கட்டும் பணம் திரும்புமா, எப்போது, யார் சேர்ந்த பிறகு என்ற பக்கத்தை முதலில் பாருங்கள். போன ஐந்து வருடத்தில் மெம்பர்களிடம் சிறப்பு வசூல் எத்தனை முறை நடந்தது என்று கேளுங்கள். பரஸ்பர ஒப்பந்தத்தை நம்பி வாங்குவதாக இருந்தால், ஆடப்போகும் கிளப்புக்கு நீங்களே போன் போட்டு உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அந்த போன் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

விலகல் பட்டியலில் இப்போது என் எண் 41. போன வாரம் அடுத்த சாப்பாட்டு பில் வந்தது.