மூன்றே பீஸா, முப்பது பீஸா?

புதிய பியானோ பீஸ் (இசைத் துண்டு) சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்றால் என்ன செய்வது? பழக்கத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. கிரேடு தேர்வுக்கான மூன்று பீஸ்களை மட்டும் எடுத்து வருடம் முழுக்க மெருகேற்றுவது ஒன்று. நம் தரத்துக்கு ஓரிரு படி கீழே உள்ள எளிய பீஸ்களை வாரம் ஒன்றாக வாசித்துக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இரண்டாவதில் நிலைத்திருக்கிறேன்.

முதல் வழியின் பலன் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சுத்தமான தொடுகை, மேடையில் நடுங்காத கை, நல்ல மதிப்பெண். பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 90 அந்த மூன்று பீஸ்களுக்குத்தான். சைட் ரீடிங்குக்கு, அதாவது முன்பு பார்க்காத இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு, 21 மட்டும். ஆசிரியர்கள் எதில் நேரம் செலவிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கற்கும் வேகத்தைத் தீர்மானிப்பது இசைத்தாளைப் படிக்கும் திறன்தான். மொஸார்ட் 1788இல் ஆரம்பநிலையினருக்கென்று எழுதிய கே. 545 சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) இடது கை சி, ஜி, இ, ஜி என்று இரண்டு முறை சுற்றும். புதியவர் எட்டு நோட்டையும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின்) நோட்டுகளை இடது கையில் இப்படிப் பிரித்து வாசிக்கும் ஆல்பர்ட்டி பேஸ் பழகியவருக்கு அது ஒரே ஒரு சி மேஜர் கார்ட். விரல்கள் 5-1-3-1 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) என்று தாமாகவே உட்காரும். அடுத்த பாரில் டி, ஜி, எஃப், ஜி வரும்போது கையை நகர்த்தத் தேவையில்லை என்பதும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஐந்தாவது பாரில் வலது கை ஓடுவது வெறும் ஸ்கேல் (ஸ்வர வரிசை). ஒரு பக்கத்தில் அவர் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் கொஞ்சம்.

இந்தப் பழக்கம் மூன்று பீஸ்களில் வராது. ஒரு பீஸ் மனப்பாடமானதும் கண் தாளை விட்டு விலகிவிடுகிறது. அப்புறம் எத்தனை மாதம் வாசித்தாலும் விரல்தான் பழகுமே தவிர, தாளைப் படிக்கும் திறன் வளராது. கிளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்கள், பர்க்முல்லரின் ஓபஸ் 100இல் உள்ள 25 பயிற்சிகள் என்று மாறி மாறிப் போகும்போது, ஒரே உரு (நோட்டுகளின் அமைப்பு) வேறு வேறு ஸ்கேலில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வருடக்கணக்கு எப்படி இருந்தாலும், இப்படி எத்தனை உருக்களைச் சந்தித்திருக்கிறோம் என்பதுதான் அனுபவம் என்று நான் நினைக்கிறேன்.

பாக்கின் இன்வென்ஷன்களில் இது அவ்வளவாகச் செல்லாது. இரண்டு கையும் தனித்தனி மெட்டாகப் போவதால், கார்டாகச் சுருக்கிப் பார்க்க இடம் குறைவு. 15இல் சிலவற்றை மட்டுமே வாசித்தவன் நான். அவற்றில் தனிக்கைப் பயிற்சியை என்னால் தவிர்க்க முடியவில்லை. இன்னொன்று, அனுபவம் தாளைப் படிக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது. சரியான டெம்போவுக்கு (வேகத்துக்கு) ஏற்ற இன்னமும் தாளம் தட்டும் மெட்ரோநோமும் பொறுமையும் வேண்டும்.

தேர்வுக்குப் போகிறவர்கள் அந்த மூன்றை விட வேண்டாம். தினமும் பியானோ முன் உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் இதுவரை பார்க்காத எளிய பீஸ் ஒன்று, அப்புறம் தேர்வு பீஸ்கள். தேர்வு நெருங்கும் கடைசி ஓரிரு மாதம் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.